சூடானால் நின்றுவிடும் பழைய கார்: வோல்ட் மீட்டருடன் ஆறு வாரங்கள்

நாற்பது ஆண்டுகளைக் கடந்த சிறிய பெட்ரோல் கார் ஒன்றை வீட்டிலேயே வைத்து நானே பழுதுபார்த்து வருகிறேன். நான்கு சிலிண்டர், ஒரு கார்ப்பரேட்டர், மின்பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பகிர்ந்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பிளாட்டினம் பாயிண்ட் (மின்சுற்றைத் திறந்து மூடும் தொடுமுனைகள்) என்று எல்லாமே அந்தக் காலத்து அமைப்பு. குளிர்ந்திருக்கும்போது முதல் செல்ஃபிலேயே உயிர் பெறும் இன்ஜின், இருபது நிமிடம் ஓடிச் சூடேறியதும் மிஸ்ஸிங் அடிக்கத் தொடங்கும். அடுத்த சில நிமிடங்களில் நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் எந்தக் குறையும் இல்லாததுபோல் மீண்டும் ஓடும். இந்த ஒரு குறையைத் தேடி ஆறு வார ஓய்வு நேரத்தைச் செலவிட்டேன். அவற்றில் முதல் மூன்று வாரங்கள் வீணாயின. அளந்து பார்ப்பதற்கு முன்பே பாகங்களை மாற்றத் தொடங்கியதுதான் அதற்குக் காரணம்.

சூட்டில் நிற்கிறது என்றவுடன் பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்துக்கொள்கிறது என்றுதான் முதலில் முடிவு கட்டினேன். கார்ப்பரேட்டரைக் கழற்றி ஜெட்டுகளைக் கழுவி, மிதவையின் மட்டத்தைச் சரிபார்த்து, புகைபோக்கிக்கு அருகில் சென்ற பெட்ரோல் குழாயைச் சற்று விலக்கி, அதற்கு வெப்பம் தாங்கும் உறையும் போட்டேன். செய்யத் தகுந்த வேலைகள்தாம். ஆனால் குறை அப்படியே இருந்தது. அடுத்ததாகப் பாயிண்ட்டையும், அதன் முனைகளில் பொறி எழாமல் தடுக்கும் கண்டன்சரையும் எடுத்துவிட்டு, காந்தத்தை உணர்ந்து இயங்கும் எலெக்ட்ரானிக் இக்னிஷன் தொகுப்பு ஒன்றைப் பொருத்தினேன். நிலைமை இன்னும் மோசமாயிற்று. முன்பு சூட்டில் மட்டும் நின்ற வண்டி, இப்போது சூடான பிறகு செல்ஃப் அடித்தால்கூடப் பற்றிக்கொள்ள மறுத்தது. புதிய பாகம் பழுதானது என்று எண்ணி, பழைய பாயிண்ட்டையே திரும்ப மாட்டினேன். அந்த எண்ணமும் தவறு என்பது பிறகுதான் தெரிந்தது.

நான்காவது வாரம் முறையை மாற்றினேன். வண்டி நின்ற இடத்திலேயே, நின்ற நிமிடத்திலேயே சோதிப்பது என்று முடிவு செய்து, சில கருவிகளையும் மல்டிமீட்டரையும் வண்டியிலேயே வைத்துக்கொண்டேன். எதிர்பார்த்தபடி இருபத்து மூன்றாவது நிமிடத்தில் இன்ஜின் நின்றது. உடனே பானெட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, கார்ப்பரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடியே ஆக்சிலரேட்டர் நெம்புகோலைக் கையால் ஒருமுறை இழுத்தேன். மெல்லிய ஊசிபோன்ற பெட்ரோல் தாரை ஒன்று உள்சுவரில் சீராகப் பட்டுத் தெறித்தது. மிதவைத் தொட்டியில் பெட்ரோல் இல்லாவிட்டால் அந்தத் தாரை வராது. மூன்று வாரம் நான் சந்தேகித்த பெட்ரோல் பக்கம் பத்து விநாடியில் வழக்கிலிருந்து விடுபட்டது.

அடுத்தது நெருப்பு, அதாவது பெட்ரோலைப் பற்றவைக்கும் மின்பொறி. பொறிக்கான உயர் வோல்ட்டேஜைத் தரும் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டரின் நடுவே வரும் கனமான ஒயரை உருவி, அதன் முனை இன்ஜின் உடலிலிருந்து சுமார் 6 மில்லிமீட்டர் தள்ளி இருக்குமாறு காப்பிட்ட இடுக்கியால் பிடித்துக்கொண்டு, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். வேலை செய்யும் காயிலில் வெண்ணீலப் பொறி சடசடவென்று பாயும். இங்கே மங்கிய மஞ்சள் நிறத்தில், விட்டு விட்டு, ஓசையே இல்லாமல் வந்தது. (இந்தச் சோதனையின்போது அருகில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது, கார்ப்பரேட்டரின் மூடியைத் திரும்ப மாட்டிய பிறகே இதைச் செய்ய வேண்டும்.)

பொறி ஏன் மங்கியது என்பதைப் புரிந்துகொள்ள, அந்த அமைப்பு வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். பாயிண்ட் மூடியிருக்கும்போது பேட்டரியின் மின்னோட்டம் காயிலின் முதல் சுற்றில் பாய்ந்து காந்தப்புலமாகச் சேமிக்கப்படுகிறது. பாயிண்ட் திறக்கும் கணத்தில் அந்தப் புலம் சரிந்து, இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட்டாக எழுகிறது. 1910 வாக்கில் காடிலாக் கார்களுக்காக இந்த அமைப்பை உருவாக்கியவர் சார்லஸ் கெட்டரிங். அவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயர்தான் டெல்கோ. டிஸ்ட்ரிபியூட்டரை நம் மெக்கானிக்குகள் இன்றும் ‘டெல்கோ’ என்று அழைப்பதை நான் நெடுநாள் வெறும் பட்டறைச் சொல் என்றே நினைத்திருந்தேன். சேமிக்கப்படும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப அமைகிறது என்பதுதான் இதில் முக்கியமானது. மின்னோட்டம் பாதியானால் பொறியின் ஆற்றல் பாதியாவதில்லை, கால் பங்காகிவிடும்.

இன்ஜின் நின்ற சூட்டோடு எடுத்த அளவுகளை நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். சாவி போட்டு, பாயிண்ட் மூடிய நிலையில், பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையே 12.3 வோல்ட். பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் காயிலின் பாசிட்டிவ் முனைக்கும் இடையே 9.1 வோல்ட். காயிலின் நெகட்டிவ் முனையில், பாயிண்ட் மூடியிருந்தும், 0.4 வோல்ட் மிச்சம் நின்றது. ஆக, காயிலுக்கு உண்மையில் கிடைத்தது 8.7 வோல்ட் மட்டுமே. பிறகு சாவியை அணைத்து, ஒயர்களைக் கழற்றிக் காயிலின் முதல் சுற்றை அளந்தேன். குளிர்ந்தபோது 3.0 ஓம் இருந்தது சூட்டில் 3.6 ஓமாக உயர்ந்திருந்தது. இது பழுதல்ல, செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் வெப்ப உயர்வுக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடும், இன்ஜின் அருகே ஐம்பது டிகிரி சூடேறுவது இயல்பு.

குறை ஏன் சூட்டில் மட்டும் தலைகாட்டியது என்பதற்கு இந்தக் கணக்கிலேயே விடை இருந்தது. 12.3 வோல்ட் முழுமையாகக் கிடைத்து, காயிலும் குளிர்ந்திருந்தால் பாய வேண்டியது 4.1 ஆம்பியர், நின்ற நேரத்தில் பாய்ந்தது 2.4 ஆம்பியர். இருமடியாக்கிப் பார்த்தால் பொறியின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. ஒயரிங்கில் இருந்த இழப்பு குளிரிலும் இருந்துதான் வந்தது; ஆனால் குளிர்ந்த காயில் அதை எப்படியோ ஈடுகட்டியது, சூடான காயிலால் முடியவில்லை. எலெக்ட்ரானிக் தொகுப்பு தோற்றதும் இதனால்தான். அதே வறண்ட மின்சாரத்தைத்தான் நான் அதற்கும் ஊட்டினேன். செல்ஃப் மோட்டார் பேட்டரியை இழுக்கும் நேரத்தில் அதன் வோல்ட்டேஜ் இன்னும் சரிந்து, உள்ளிருந்த மின்சுற்று விழிக்கவே இல்லை.

காணாமல் போன 3.2 வோல்ட் எங்கே என்று தேடுவது எளிது. மீட்டரை டி.சி. வோல்ட் அளவில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவ்விலும் மறு முனையைப் பாதையின் அடுத்தடுத்த இணைப்புகளிலும் தொட்டுக்கொண்டே போக வேண்டும். மின்னோட்டம் பாய்ந்துகொண்டிருக்கும்போது நல்ல இணைப்பின் இரு பக்கங்களுக்கு இடையே மீட்டர் ஏறக்குறைய சுழியையே காட்டும். எங்கே எண் குதிக்கிறதோ அங்கே தடை இருக்கிறது. ஓம் அளவில் வைத்துப் பார்ப்பதால் இங்கே பயனில்லை. பத்து இழைகளில் ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒயர்கூட மீட்டரின் சிறு மின்னோட்டத்துக்கு நல்ல ஒயராகவே தெரியும். பேட்டரியிலிருந்து சாவி சுவிட்ச் வரை 0.3 வோல்ட், சுவிட்சின் உள்ளே 1.9 வோல்ட், சுவிட்சிலிருந்து இன்ஜின் அறைக்கு வரும் இணைப்பியில் 1.0 வோல்ட் என்று கணக்கு நேரானது. இதைச் செய்யும்போது சாவியை ஒரு நிமிடத்துக்கு மேல் போட்டு வைக்கக் கூடாது. பாயிண்ட் மூடிய நிலையில் காயில் தேவையில்லாமல் சூடேறும்.

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றிவிட்டுச் சாவி சுவிட்சை வெளியே எடுத்தேன். பின்மூடியைப் பிடித்திருந்த மூன்று தகட்டு நாக்குகளை நிமிர்த்தித் திறந்ததும், பல ஆண்டுக் கிரீஸ் காய்ந்து கருமெழுகாக இறுகிக் கிடந்தது. அதைச் சுரண்டியபோது பித்தளைத் தகட்டில் மிளகளவு கருங்குழி ஒன்று தெரிந்தது. அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகிப் பழுப்பேறியிருந்தது. முன்பு வண்டியை வைத்திருந்தவர் கூடுதல் ஹாரனையும் ஒரு மின்விசிறியையும் இந்தச் சுவிட்ச் வழியாகவே இணைத்திருந்தார். அந்தச் சுமையெல்லாம் இத்தனை காலம் பாய்ந்தது ஒரு நெல்மணி அகலமுள்ள தொடுபரப்பில். குழியை நுண்ணிய உப்புத்தாளால் மட்டமாக்கி, சுருள்வில்லைச் சற்று நீட்டிவிட்டு, புதிய கிரீஸை மெல்லப் பூசி மூடினேன். இணைப்பியின் ஊசிகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அவற்றைத் தேய்ப்பதைவிடப் புதிய முனைகளை நசுக்கிப் பொருத்துவதே நல்லது என்று தோன்றியதால் அப்படியே செய்தேன்.

எர்த் பக்கம் (மின்சாரம் இன்ஜின், பாடி வழியே பேட்டரி நெகட்டிவ்வுக்குத் திரும்பும் பாதையில்) நின்ற அந்த 0.4 வோல்ட்டில் பாதி பாயிண்ட்டுகளிலேயே இழந்தது. தேய்ந்திருந்த அவற்றை மாற்றினேன். மீதிப் பாதி காட்டிக்கொடுத்தது வேறொரு குறையை. செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிள் சூடாவதை முன்பே கவனித்திருந்தும் பொருட்படுத்தவில்லை. இன்ஜின் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால், அதற்கும் பாடிக்கும் இடையே மின்சாரம் செல்லத் தனியாக ஒரு செம்புப் பின்னல் பட்டை உண்டு. என் வண்டியில் அந்தப் பட்டையின் அடியில் யாரோ பெயின்ட் அடித்து, அதன் மேலேயே போல்ட்டை முறுக்கியிருந்தார்கள். வழி கிடைக்காத மின்னோட்டம், அதுவும் செல்ஃப் அடிக்கையில் நூறு ஆம்பியரைத் தாண்டும் மின்னோட்டம், சோக் கேபிளின் எஃகுச் சுருள் வழியே பாய்ந்திருக்கிறது. பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, புதிய பட்டையை நட்சத்திர வாசருடன் முறுக்கினேன். செல்ஃப் அடிக்கும்போது இன்ஜினுக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் இடையே முன்பு 1.3 வோல்ட் இருந்தது, இப்போது 0.1 வோல்ட். பழைய வண்டியில் எந்த கேபிளாவது காரணமின்றிச் சூடானால் தயவுசெய்து அன்றைக்கே எர்த் பட்டையைப் பாருங்கள். ஆக்சிலரேட்டர் கேபிள் இப்படி உருகி இறுகிப்போனால் உயிருக்கே ஆபத்து.

இத்தனையும் முடிந்தபின் பேட்டரி 12.4, காயில் பாசிட்டிவ் 11.9. ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, பிறகு அரை மணி நேரம் நிறுத்திய இடத்திலேயே ஐடிலில் விட்டேன். ஒருமுறைகூட மிஸ்ஸிங் அடிக்கவில்லை. மறு வாரம் எலெக்ட்ரானிக் தொகுப்பைத் திரும்பப் பொருத்தினேன்; இம்முறை அது குறையின்றி இயங்குகிறது. பாயிண்ட்டில் ஒரு தொல்லை உண்டு: சுழலும் தண்டின் மேல் உரசும் அதன் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும், இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், அதனால் பொறி பாயும் நேரமான டைமிங்கும் பின்தங்கும். எலெக்ட்ரானிக் அமைப்பில் தேய்வதற்கு எதுவும் இல்லை. ஆனாலும் இடைவெளி சரிசெய்த ஒரு பாயிண்ட் தகடும் கண்டன்சரும் வண்டியில் எப்போதும் இருக்கின்றன, ஏனென்றால் வழியில் பழுதானால் திருப்புளியால் சரிசெய்யக்கூடியது அதுதான்.

மீட்டர் கையில் இருந்ததால் ஹெட்லைட்டையும் அளந்தேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட், பல்பில் 10.4 வோல்ட். ஹாலஜன் பல்பின் ஒளி வோல்ட்டேஜின் ஏறத்தாழ 3.4 அடுக்குக்கு ஏற்ப மாறுவதால், வர வேண்டிய வெளிச்சத்தில் 40 விழுக்காடுகூட வரவில்லை. ஒயர் மெல்லியது என்பது முழுக் காரணமாகாது: 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் நான்கு மீட்டருக்கு, 10 ஆம்பியரில், அரை வோல்ட்தான் இழக்கும். மீதி எல்லாம் சுவிட்சிலும் முனைகளிலும் போனது.

இங்குதான் ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) பொருத்துவதற்கு உண்மையான நியாயம் இருந்தது. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பேட்டரியிலிருந்து வரும் ஒயர் 30 என்ற முனைக்கு, பல்புக்குச் செல்வது 87-இலிருந்து. பழைய ஹெட்லைட் ஒயர் 86-க்கு, எர்த் 85-க்கு. இனி சுவிட்ச் தாங்க வேண்டியது ரிலேயின் 0.2 ஆம்பியர் அளவு மட்டுமே. ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர். ஃப்யூஸ் பேட்டரிக்கு மிக அருகில். ஒரு ஃப்யூஸ் போனால் இருட்டில் தவிக்காதபடி இடது வலது விளக்குகளுக்குத் தனித்தனி ஃப்யூஸ். ஒரு தவறும் செய்தேன். என்னிடம் இருந்த ஒரு ரிலேயின் உள்ளே, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு இருந்தது. 85-ஐயும் 86-ஐயும் மாற்றி இணைத்ததால் விளக்கைப் போட்டதும் பழைய ஃப்யூஸ் போய்விட்டது. ரிலேயின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் சிறு படத்தை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். முனைகளை ஈயம் வைத்துப் பற்றவைக்காமல், அதற்குரிய இடுக்கியால் நசுக்கி, சூடுபட்டால் சுருங்கும் உறை போட்டேன். ஈயம் இழைகளுக்குள் ஊறி விறைத்துப்போன இடத்தில்தான் வண்டியின் அதிர்வு ஒயரை முறிக்கும்.

இப்போது பல்பில் 13.4 வோல்ட். அதே 60/55 வாட் பல்புகள், முன்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வெளிச்சம். 100 வாட் பல்பு போடும் எண்ணம் எனக்கு இல்லை; அந்தச் சூட்டில் பிரதிபலிப்பானின் பூச்சு கருகும், எதிரே வருபவர் கண்ணும் கூசும்.

மழைத் துடைப்பான் இன்னும் மெதுவாகத்தான் நகர்கிறது. நேற்று அளந்ததில் அதன் எர்த் பக்கத்தில் மட்டும் 2.1 வோல்ட் இழப்பு. மோட்டாரைப் பாடியுடன் பிணைக்கும் போல்ட்டின் அடியிலும் பெயின்ட் தெரிகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றுகிறேன்.