ஏழாம் பெட் பையன்

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்றைக்கு ஐசியூவிலிருந்து அழைப்பு. 22 வயதுப் பையன், பைக்கில் போய்த் தடுப்புச்சுவரில் மோதியிருக்கிறான். ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் இருந்ததாம். மூளை உறைக்கு அடியில் ரத்தக்கட்டு. இடது பக்க மண்டையோட்டில் ஒரு துண்டை எடுத்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். மயக்க மருந்தைக் குறைத்த பிறகும் கண் திறக்கவில்லை. சுயநினைவை அளக்கும் கிளாஸ்கோ கணக்கில் கண்ணுக்கு 1, அசைவுக்கு 4. வாயில் குழாய் இருப்பதால் பேச்சுக்கு மார்க் போட வழியில்லை.

வெளியே தெரிவதை வைத்துப் போடும் மார்க்தான் அது. உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்க்க, மூளையின் மின் அலைகளைப் பதிவெடுக்கும் இஇஜி டெக்னீஷியனான என்னைக் கூப்பிடுகிறார்கள்.

தலையை டேப் வைத்து அளந்து எலெக்ட்ரோடு ஒட்ட ஒன்றரை மணி நேரம் ஆனது. தையல் குறுக்கே வந்ததால் இடது பக்கம் இரண்டை நகர்த்தினேன். அப்படி நகர்த்தினால் வலது பக்கமும் அதே அளவு நகர்த்த வேண்டும், இல்லையென்றால் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட முடியாது. 48 மணி நேரமாவது ஓட விடச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இடது பக்க அலைகள் உயரமாக, கூராக வருகின்றன. மேற்படிப்புப் பயிற்சியில் இருக்கும் புது டாக்டர் மிரண்டுவிட்டார். எலும்பு இல்லாத இடத்தில் அப்படித்தான் தெரியும் சார் என்றேன்.

சாயங்காலம் அவரே போன் செய்தார். "அண்ணா, நொடிக்கு ரெண்டு வீதம் ஒழுங்கா ஓடுது. ஃபிட்ஸா? லோராசெபாம் போடட்டுமா?" வீடியோவைப் பாருங்கள் என்றேன். பார்வையாளர் நேரம். அம்மா உள்ளே வந்து, குழந்தையைத் தூங்கவைப்பதுபோல் தோளில் தட்டிக்கொண்டிருந்தார். கம்பிகள் அதற்கேற்ப ஆடியிருக்கின்றன. பதிவில் 'தட்டல்' என்று குறித்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

ராத்திரி 2.40. இந்தத் தடவை கட்டில் அருகே யாருமில்லை. இடது நெற்றிப்பொட்டுப் பக்கம் சின்னதாக ஒரு அலையோட்டம் தொடங்கி, வளர்ந்து, பக்கத்துக்குப் பரவி, ஒன்றரை நிமிடத்தில் நின்றது. அப்புறம் மறுபடியும். ஓடிப்போய்ப் பார்த்தேன். விரல்கூட ஆடவில்லை, இமை துடிக்கவில்லை. வெண்டிலேட்டர் மட்டும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

இதுதான் உடம்பில் தெரியாத வலிப்பு. லாஸ் ஏஞ்சல்ஸ் குழு ஒன்று 1999-இல் வெளியிட்ட ஆய்வில், தலைக்காயம் பட்ட 94 பேரைத் தொடர்ந்து கவனித்ததில் 21 பேருக்கு வலிப்பு வந்திருந்தது. அதில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத வகை. அரை மணி நேரம் மட்டும் பதிவெடுத்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று எழுதிய நாட்கள் எனக்கும் உண்டு. அதை நினைத்தால் தூக்கம் போகிறது.

டாக்டர் வந்து லோராசெபாம் போட்டார், வலிப்பு மருந்தான லெவடிரசெட்டாமைக் கூட்டினார். நான்கு மணிக்குள் இன்னும் இரண்டு வந்தன. மிடசோலாம் என்ற மயக்க மருந்தை டிரிப்பில் ஏற்றிய பிறகுதான் அடங்கியது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இரண்டு நாளாக வலிப்பு இல்லை. டிரிப்பை மெதுவாக இறக்குகிறார்கள்.

ஆகஸ்ட் 9, சனி

டிரிப் நின்றுவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டோம், கை தட்டினோம், நகத்தை அழுத்தினோம். பெயருக்கும் கைத்தட்டலுக்கும் அலை அப்படியே இருந்தது. நகத்தை அழுத்தியதும் மாறியது. இப்படி மாறுவது நல்ல அறிகுறி, ஆனால் எழுந்துவிடுவான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

வெளியே அம்மா பிடித்துக்கொண்டார். "தம்பி, பையன் முழிச்சிருவானா?"

"டாக்டர் சொல்வார்மா."

எங்கள் வேலையில் வேறு எதுவும் சொல்லக் கூடாது. அந்த வாக்கியம் எனக்குப் பிடிக்காது.

ஆகஸ்ட் 11, திங்கள்

பதிவு முடிந்தது. வெந்நீர் தொட்டுப் பசையை எடுத்தேன். வலது பக்கம் மிச்சமிருக்கும் முடியில் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது. அம்மா தூக்குப்பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார்.

"கொஞ்சூண்டு தேங்காய் எண்ணெய் வைக்கலாமா தம்பி?"

"தையல் பிரிக்கட்டும்மா."

பாட்டிலை உள்ளே வைத்துக்கொண்டார். "தட்டிக் குடுக்கலாமா?"

கம்பி ஒன்றும் இல்லை இப்போது. "தாராளமா" என்றேன்.