அக்கசாலைக்கு நடந்து போனேன்

1982-ல் நில அளவைத் துறையில் வேலைக்குச் சேர்ந்தேன். யு.டி.ஆர்., அதாவது நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கிற வேலை, மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலம். மறுவருஷம் கொற்கையில் மூன்று மாதம் சங்கிலி இழுத்தோம். 1986-க்கு முன்னால் அதெல்லாம் திருநெல்வேலி ஜில்லாதான். ‘அக்கசாலை ஈஸ்வரமுடையார் கோயில்’ என்று என் கையால் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அது என்ன பெயர் என்று ஒரு ஆளிடமும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. அந்தக் கேள்வி நாற்பது வருஷம் கழித்து வந்தது, இத்தாலியில், ஒரு வயல்வெளி நடுவே.

என் மகள் பாதுவா நகரத்தில் வேலை பார்க்கிறாள். போன வருஷம் ஏப்ரலில் அவள் வீட்டில் ஒரு மாதம் இருந்தேன். “அப்பா, உங்க தொழில்காரங்க போட்ட கோடு இங்க இன்னும் கிடக்கு, வாங்க” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பொர்கோரிக்கோ என்ற ஊருக்குக் கூட்டிப்போனாள். பாதுவாவுக்கு வடகிழக்கே இருக்கிறது. தட்டையான பூமி. மேடு என்று ஒரு சாண் கிடையாது. வயல், ஓடை, வரிசையாக மரம், மறுபடி வயல். வானம் தெளிந்த நாளில் வடக்கே வெகுதூரத்தில் ஆல்ப்ஸ் மலை நீலமாகத் தெரியும். நம் ஊர் வயலில் நின்று மேற்கே பொதிகையைப் பார்ப்பது மாதிரிதான்.

இடிந்த தூண், வளைவு எதுவும் அங்கே இல்லை. பாதைதான் சின்னம். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ரோமானியர் அந்தச் சமவெளியைச் சதுரம் சதுரமாக அளந்து பங்கு போட்டார்கள். ஒரு பக்கம் 2,400 ரோமன் அடி, ஏறக்குறைய 710 மீட்டர். அந்தச் சதுரக் கோடுகளின் மேல்தான் இன்றைக்கும் ரோடு போகிறது, வாய்க்கால் ஓடுகிறது. நான் காலடி எண்ணிக்கொண்டே நடந்தேன். பழைய பழக்கம். ஒரு முக்கிலிருந்து அடுத்த முக்குக்கு 940, 950 எட்டு வந்தது. அதற்கடுத்த சதுரத்திலும் அதே கணக்கு. மூன்றாவது சதுரம் முடிந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அளந்தவன் போய் இரண்டாயிரம் வருஷமாகியும் அவன் கோட்டில் ஒருத்தர் டிராக்டர் ஓட்டிப் போகிறார்.

அந்த ஊரில் இந்த நில அளவைக்கென்றே ஒரு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். குரோமா என்ற கருவியை அங்கே பார்த்தேன். ஒரு கம்பு, அதன் தலையில் சிலுவை மாதிரி இரண்டு சட்டம், நான்கு முனையிலும் தூக்குக்குண்டு. நாங்கள் செங்குத்துக் கோடு எடுக்க வைத்திருந்த கிராஸ் ஸ்டாஃபுக்கு மூத்தது. கையில் எடுத்துப் பார்க்க விடவில்லை. விட்டிருந்தால் அங்கேயே நட்டு ஒரு கோடு எடுத்திருப்பேன்.

திரும்பி வருகிற வழியில் ஒரு ரோட்டின் பெயர்ப்பலகையில் ‘தெஸ்மான்’ என்று இருந்தது. என்னம்மா அர்த்தம் என்று கேட்டேன். கிழக்கு மேற்காகப் போகிற அளவுக்கோட்டுக்கு ரோமானியர் வைத்த பெயர் தெக்குமானுஸ், அதுதான் ஊர்க்காரர் வாயில் தேய்ந்து தெஸ்மான் ஆகிவிட்டது என்றாள். அந்த இடத்தில்தான் அக்கசாலை ஞாபகத்துக்கு வந்தது. பொன்னுருக்கி, காசு அடிக்கிற இடத்துக்கு அக்கசாலை என்று பெயர். பாண்டியனுடைய துறைமுகத்தில் காசு அடித்த இடத்தின் பெயரைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, மையைக் காயவைத்துப் பெட்டியில் பூட்டி வந்திருக்கிறேன். பஸ் வருகிற வரைக்கும் மகளிடம் வேறு எதுவும் பேசவில்லை.

ஊருக்கு வந்ததும் நடந்தே பார்க்கவேண்டும் என்று தோன்றியது. ஆதிச்சநல்லூரிலிருந்து கொற்கை வரைக்கும், ஆற்றையும் வாய்க்காலையும் ஒட்டி. எப்படி வளைந்து போனாலும் 25 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான். தை மாசத்தில், பிசான நெல் கதிர் வாங்கி நிற்கிறபோது இரண்டு நாளாகப் பிரித்து நடந்தேன்.

திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறி ஆதிச்சநல்லூரில் காலை ஆறரைக்கு இறங்கினேன். ரோட்டை ஒட்டியே பரம்பு. செம்மண்ணும் சரளையுமாக, சுற்றியிருக்கிற வயலைவிட உயர்ந்த மேடு. 114 ஏக்கர். பாதுவாவில் நான் எட்டு எண்ணிய ஒரு சதுரம் ஏறக்குறைய 125 ஏக்கர். அங்கே அந்த அளவு நிலத்தை உழுவதற்குக் கொடுத்தார்கள். இங்கே அவ்வளவு நிலத்தையும் இறந்தவர்களுக்கு விட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்து ஆட்கள் விளைகிற நிலத்தில் ஒரு குழிகூடச் சுடுகாட்டுக்கு எடுக்கவில்லை. தண்ணீர் ஏறாத சரளை மேடாகப் பார்த்து முதுமக்கள் தாழி இறக்கியிருக்கிறார்கள். நிலம் தெரிந்தவர்கள் செய்த காரியம். எங்கள் ஆச்சி தாழியை மதமதக்காச் சாடி என்பாள்.

1876-ல் பெர்லினிலிருந்து யாகோர் என்பவர் வந்து தோண்டி எடுத்துப்போனார். 1899-லிருந்து அலெக்சாண்டர் ரீ பல வருஷம் தோண்டினார். தங்கப் பட்டம், வெண்கலம், இரும்பு என்று அவர் எடுத்தது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. 2004, 2005-ல் மறுபடி தோண்டினார்கள். 2023-லிருந்து, தோண்டிய குழிகளை இருந்த இடத்திலேயே கண்ணாடித் தளம் போட்டுக் காட்டுகிறார்கள். காலுக்குக் கீழே தாழிகள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றேன்.

அங்கிருந்து ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் ரோட்டோரம்தான். லாரிச் சத்தம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பாலத்தைத் தாண்டி வடகரைக்குப் போனால் அணைக்கட்டு. தாமிரபரணியின் எட்டாவது அணைக்கட்டு, கடைசி அணைக்கட்டும் அதுதான். அதிலிருந்து வடகால், தென்கால் இரண்டும் பிரிகின்றன. வடகால் கரையைப் பிடித்துக் கிழக்கே நடக்க ஆரம்பித்த பிறகுதான் நடை என்று சொல்லத்தக்க நடை.

ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வாழையும் நெல்லும். நத்தம் கோயில், திருப்புளிங்குடிக் கோயில் என்று நவதிருப்பதிக் கோபுரங்கள் வயலுக்கு மேலே எழும்பி வரும். சமதரையில் கோபுரத்தைத் தவிர வேறு அடையாளம் கிடையாது. பழைய ஆட்கள் அதைக் குறிவைத்துத்தான் நடந்திருப்பார்கள். நாங்களும் தூரத்துக் குறிக்கு அதைத்தான் பிடிப்போம். வடக்கே தள்ளி சிவகளை. அங்கே தாழிக்குள் கிடைத்த நெல் உமி 3,100 வருஷத்துக்கு மேற்பட்டது என்று 2021-ல் அறிவித்தார்கள். அந்த நெல்லுக்குச் சொந்தக்காரர்களும் இந்த ஆற்றுத் தண்ணீரைக் குடித்தவர்கள்தானே என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

நடக்க நினைக்கிறவர்களுக்கு: ரப்பர் செருப்பு வேண்டாம். கரை நெடுக உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் கிடக்கின்றன, தைத்தால் பாதம் வரைக்கும் ஏறும். சில இடத்தில் சீமைக்கருவேலம் கரையையே மூடிவிட்டது, வரப்பில் இறங்கி ஏறவேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அறுத்துக்கொண்டுபோன கரையைப் பிறகு மண்ணடித்து மூடிய இடங்கள் மிதிக்கும்போதே தெரியும், கால் பொதபொதவென்று இறங்கும். அந்த வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஏரல் கடைத்தெருவுக்குள் ஆறு வந்தது. தண்ணீர் ஒரு ராத்திரியில் இவ்வளவு செய்யும் என்றால் இரண்டாயிரம் வருஷத்தில் என்ன செய்திருக்கும்? பாதுவாவின் கோடு இங்கே ஏன் நிற்கவில்லை என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில் இந்தக் கரையில்தான்.

வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஒருத்தர் நிமிர்ந்து, “எங்க அண்ணாச்சி, நடந்தே போறிய?” என்றார்.

“கொற்கைக்கு.”

“மினி பஸ் உண்டே?”

“நடக்கணும்னு ஆச, அதான்.”

ஒரு சீப்பு வாழைப்பழம் அறுத்துக் கொடுத்தார். காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டார்.

ராத்திரி ஏரலில் தங்கச்சி வீட்டில் தங்கினேன். கருப்பட்டிக் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு என் காலைப் பார்த்தாள். “எண்ணே, இந்த வயசுல இது தேவையா?” என்று சத்தம்போட்டாள். பிறகு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் ஏரலை விட்டதும் மண் மாறியது. ஆதிச்சநல்லூர்ச் செம்மண்ணும் சரளையும் எங்கேயோ நின்றுபோய், கறுப்பு வண்டல். ஆறு கொண்டுவந்து கொட்டிய மண். கொற்கை கடலோரத்தில் இருந்த ஊர். ஆறு மண்ணைத் தள்ளித் தள்ளிக் கடல் இப்போது 6, 7 கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது. கொற்கைக்குப் பிறகு பழையகாயல் துறைமுகமானது, அதுவும் தூர்ந்தது. மார்க்கோ போலோ சொன்ன ‘காயல்’ அதுதான் என்று கால்டுவெல் எழுதினார். அவர் 1870-களில் கொற்கையில் தோண்டியும் பார்த்தார். அரசு தொல்லியல் துறை 1968, 69-ல் தோண்டி எடுத்த கரித்துண்டு கி.மு. 785 என்று கணக்கு வந்தது.

கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி ‘கொல்கோய்’ என்று இந்த ஊரைக் குறித்திருக்கிறார். பாண்டிய ராஜ்யத்து முத்துக்குளிப்பு இங்கே நடக்கிறது, குளிக்கிறவர்கள் தண்டனைக் கைதிகள் என்கிறார். ஏறக்குறைய அதே காலத்தில் ரோமில் பிளினி என்ற எழுத்தாளர், இந்தியாவும் சீனாவும் அரேபியாவும் வருஷத்துக்கு 10 கோடி செஸ்டர்ஸ் காசை எங்களிடமிருந்து உறிஞ்சுகின்றன என்று வருத்தப்பட்டார். இந்தக் கறுப்பு வண்டலின் அடியில் எங்கேயோ இருக்கிற கரையிலிருந்து ஏறிய முத்தும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். முத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் நிறைய. மூச்சை அடக்கி முங்கிய கைதிகளில் ஒருத்தர் பெயரும் எங்கேயும் இல்லை. அது மனசை விட்டுப் போகவில்லை.

குளக்கரைக்கு வந்தபோது பத்து மணி. குளத்துக்குள் வெற்றிவேல் செழியநங்கை கோயில். ஊருக்குள் வன்னி மரம், அடிமரம் முறுக்கிப் படுத்தது மாதிரி. 1983-ல் அதன் நிழலில்தான் செயின்மேனும் நானும் தூக்குச்சட்டியைத் திறப்போம். அப்போது இருந்த மாதிரியே இருக்கிறது. அக்கசாலை ஈஸ்வரமுடையார் கோயிலில் அன்றைக்குக் கூட்டமில்லை. சுவரில் இருக்கிற கல்வெட்டு எழுத்தை விரலால் தடவிப் பார்த்தேன். படிக்கத் தெரியாது. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு நான் நட்ட கல்லைத் தேடிப் போனேன். மூன்று புலம் சேருகிற முக்கு, கிழக்கே ஒரு வாய்க்கால், இடம் மறக்கவில்லை. வாழைக்குள் புகுந்து அரைமணி நேரம் தேடியபிறகு கிடைத்தது. அன்றைக்கு முழங்கால் உயரம் விட்டு நட்டோம். இப்போது ஒரு சாண்தான் வெளியே தெரிகிறது, லேசாகக் கிழக்கே சாய்ந்துவிட்டது. கல்லின் தலையில் வெட்டிய அம்புக்குறி இருக்கிறதா என்று பார்க்க மண்ணைக் கையால் தள்ளினேன். நாற்பது வருஷத்து வண்டல், ஈரமாக இருந்தது. குறி இருந்தது. தோட்டக்காரர் மண்வெட்டியோடு வந்து, “சர்வேயரா? கிணறு வெட்டுனா அஞ்சடியில இதுதான் வருது” என்று வரப்பில் ஒதுக்கி வைத்திருந்த குவியலைக் காட்டினார். வெளுத்துப்போன சிப்பிகள். ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முக்காணிக்கு பஸ் பிடிக்க நடந்தேன்.