மணிக் கட்டணத்தை நம்பி ஜிபியு எடுப்பது

மேகக் கணினியில் ஜிபியு (செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிக்க உதவும் கணக்கீட்டுச் சில்லு) வாடகைக்கு எடுக்கும்போதெல்லாம், விலைப்பட்டியலில் உள்ள மணிக் கட்டணத்தை மட்டுமே நெடுநாள் ஒப்பிட்டு வந்தேன். ஒரு பயிற்சி முழுதாக முடிய எவ்வளவு செலவாகிறது என்று குறித்துவைக்கத் தொடங்கிய பிறகுதான் என் தேர்வுகள் பல தவறு என்று தெரிந்தது.

என்விடியாவின் ஏ100, எச்100 ஜிபியுக்களின் எஸ்எக்ஸ்எம் (சர்வர் பலகையில் நேரடியாகப் பொருத்தும்) வகைகளைப் பாருங்கள். 16 பிட் கணக்கீட்டில் டென்சர் கோர்களின் (அணிப் பெருக்கலுக்கான பகுதிகளின்) உச்ச வேகம் முன்னதில் 312 டெராஃப்ளாப்ஸ் (ஒரு டெராஃப்ளாப்ஸ் என்பது நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்குகள்), பின்னதில் ஏறத்தாழ 990. மூன்று மடங்குக்கும் மேல். நினைவகத்திலிருந்து தரவு வரும் வேகமோ 80 ஜிபி ஏ100இல் நொடிக்கு சுமார் 2 டெராபைட், எச்100இல் 3.35 டெராபைட்தான். எச்100இன் வாடகை இரு மடங்கு என்று வைத்துக்கொண்டால், பெரிய அணிப் பெருக்கல்கள் நிறைந்த பயிற்சி அதில் மலிவாகவே முடியக்கூடும். ஆனால் ஒரு பயனருக்காக ஒவ்வொரு டோக்கனாக (சொல் துண்டாக) விடை எழுதும் மொழி மாதிரி, ஒவ்வொரு முறையும் தன் எடைகள் (பயிற்சியில் கற்ற எண்கள்) அனைத்தையும் நினைவகத்திலிருந்து படிக்க வேண்டியிருப்பதால், அங்கே எச்100 நஷ்டத்தையே தரும்.

என்னுடைய பட வகைப்பாட்டுப் பயிற்சியில் தடை ஜிபியுவிலேயே இல்லை. லட்சக்கணக்கான சிறு படக் கோப்புகளைத் தொலைச் சேமிப்பகத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, சில சிபியு கோர்கள் விரித்துக் கொடுக்கும்வரை ஜிபியு காத்துக் கிடந்தது. அவற்றைப் பெரிய கோப்புகளாகத் தொகுத்து உள் வட்டில் வைத்ததும் பயிற்சி நேரம் பாதிக்கும் கீழே இறங்கியது. ஜிபியுவைக் கண்காணிக்கும் என்விடியா-எஸ்எம்ஐ கருவி காட்டும் பயன்பாட்டு விழுக்காட்டையும் முழுதாக நம்பிவிடக் கூடாது: ஏதாவதொரு கெர்னல் (ஜிபியுவில் ஓடும் சிறு நிரல்) ஓடிக்கொண்டிருந்த நேரத்தின் பங்கைத்தான் அது சொல்கிறது; சில்லின் எத்தனை பகுதி உழைத்தது என்பதைச் சொல்வதில்லை.

ஸ்பாட் வாடகை, அதாவது மேக நிறுவனத்திடம் உபரியாக இருக்கும் இயந்திரங்களின் வாடகை, மிக மலிவு. ஆனால் இயந்திரத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள். அமேசான் 2 நிமிடமும் கூகுள் 30 நொடியும் முன்னறிவிப்புத் தருகின்றன. 700 கோடி அளபுருக்கள் (அதாவது எடைகள்) கொண்ட மாதிரியின் 32 பிட் எடைகளும் ஆடம் என்ற பயிற்சி முறை ஒவ்வொரு எடைக்கும் வைத்துக்கொள்ளும் இரு எண்களும் சேர்ந்து 84 ஜிபி ஆகும். அதை 30 நொடியில் எழுதி முடிக்க நொடிக்கு 2.8 ஜிபி வேகம் வேண்டும். ஆகவே முன்னறிவிப்பை எதிர்பார்க்காமல், சீரான இடைவெளியில் செக்பாயிண்ட், அதாவது அதுவரையான பயிற்சி நிலையின் நகல், எழுதிவைக்கிறேன். ஒரு தடங்கலுக்குச் சராசரியாக அந்த இடைவெளியின் பாதி உழைப்பு வீணாகும் என்பதையும் செலவில் சேர்த்துவிடுகிறேன்.

இப்போது எந்த இயந்திரத்தை எடுப்பதற்கு முன்பும் என் நிரலையே அதில் 300 பயிற்சிப் படிகள் ஓட்டிப் பார்க்கிறேன். நிரலின் கம்பைலும் கேஷ் எனும் தற்காலிக நினைவகம் நிரம்புதலும் நடக்கும் முதல் 50 படிகளை விட்டுவிட்டு, மீதியிலிருந்து பத்து லட்சம் பயிற்சித் தரவுகளுக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டு எழுதிக்கொள்கிறேன்.