ஒட்டகச்சிவிங்கிக்கு இலை நீட்டும் வேலை

திறந்த லாரியின் பின்தளத்தில் ஏறி நின்றால், கழுத்தைக் கொஞ்சம் தாழ்த்தி வரும் ஒட்டகச்சிவிங்கியின் கண் நம் கண்ணுக்கு நேராக வந்துவிடும். தீம் பார்க் சஃபாரியில் இந்த லாரிப் பயணத்துக்கென்று தனியாகப் பணம் கட்டி மக்கள் வருவது இதற்காகத்தான். தரையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் காலும் வயிறும் தாடையின் அடிப்பக்கமும்தான் தெரியும். பெண் விலங்கு நாலரை மீட்டர் உயரம் வரும், ஆண் ஐந்தரை மீட்டரைத் தொடும். லாரியில் ஏறிய பிறகுதான் அதற்கு ஒரு முகம் இருப்பதே தெரிகிறது. நீளமான இமைமயிர், ஓயாமல் திரும்பும் காதுகள், தனித்தனியாக அசையக்கூடிய உதடு. அந்த முகத்தை மனிதர்களுக்கு அறிமுகம் செய்து வைப்பதுதான் வழிகாட்டியாக என்னுடைய வேலையாக இருந்தது.

லாரி கிளம்பும் முன்பே எல்லோரும் கேட்கும் கேள்வி, "கடிக்குமா?" என்பது. மாடு ஆடுகளைப் போலவே ஒட்டகச்சிவிங்கிக்கும் மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. அந்த இடத்தில் கெட்டியான ஈறுதான் இருக்கிறது. கீழே முன்பற்கள் உண்டு, அரைக்கும் பற்கள் வாய்க்குள் வெகு உள்ளே இருக்கின்றன. இலையை வாங்குவது நாக்குதான். ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் நீளம், முன்பாதி கருநீலம். வெயிலில் வெளியே நீண்டபடியே இருக்கும் நாக்கு என்பதால் அந்தக் கருமை ஒரு பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். காட்டில் வேலமரத்து முள்ளுக்கு நடுவிலிருந்து இலையை உருவி எடுக்கப் பழகிய நாக்கு அது. கெட்டியான எச்சிலோடு வந்து லெட்டூஸ் இலையைச் சுற்றிப் பிடிக்கும்போது, கூடவே நம் விரலையும் தொட்டுவிட்டுப் போகும். இலையின் தண்டுப் பக்கத்தைப் பிடியுங்கள், நுனியை வெளியே நீட்டுங்கள், நாக்கு சுற்றியதும் விட்டுவிடுங்கள். அவ்வளவுதான் பாடம்.

ஆனால் உண்மையான ஆபத்து வாயில் இல்லை, தலையில் இருக்கிறது. ஆண்கள் ஒன்றோடொன்று மோதும்போது கழுத்தை வீசித் தலையால்தான் அடிக்கின்றன. ஆண்களின் கொம்பு நுனி முடி உதிர்ந்து வழுக்கையாக இருப்பதும், பெண்களுக்கு அங்கே கருமுடிக் கொத்து நிற்பதும் அதனால்தான். யாராவது வீலென்று கத்தினாலோ, தடவிப் பார்க்கலாம் என்று முகத்தின் பக்கம் கையைக் கொண்டு போனாலோ, அது வெடுக்கென்று தலையைத் திருப்பும். கோபம் எதுவும் இல்லை, பயம்தான். அந்தத் திருப்பலுக்குள் ஒரு மனிதத் தலை அகப்பட்டால் பெரிய காயம் ஆகிவிடும். அதனால் என் கண் எப்போதும் விருந்தினர்களின் கைமேல் இருக்கும். இலை கொடுக்கலாம், தொடக்கூடாது. இந்த விதியில் நான் யாருக்கும், குழந்தைகளுக்கும்கூட, விட்டுக்கொடுத்ததில்லை. பெரும்பாலான ஒட்டகச்சிவிங்கிகளுக்கு முகத்தைத் தொடுவது பிடிக்காது. சாப்பிட வந்த இடத்தில் பிடிக்காததைப் பொறுத்துக்கொள்ளும்படி ஏன் செய்ய வேண்டும்?

லெட்டூஸ் எதற்கு, பழம் கொடுத்தால் என்ன என்றும் கேட்பார்கள். அக்கறையோடு கேட்கிற கேள்வி என்பதால் எனக்குப் பிடித்த கேள்வி. ஒட்டகச்சிவிங்கி நான்கு அறை வயிறு கொண்ட, அசை போடும் விலங்கு. இலையையும் பட்டையையும் மெல்ல நொதிக்க வைக்கும் வயிற்றில் சர்க்கரையும் மாவுச்சத்தும் அதிகமாகச் சேர்ந்தால் அமிலம் கூடி உடம்பு கெட்டுவிடும். லெட்டூஸ் பெரும்பாலும் தண்ணீர். வயிற்றை நிரப்பாது, கெடுக்கவும் செய்யாது. சாப்பாடு என்பது கொட்டகையில் கிடைக்கும் குதிரைமசாலும் மரக்கிளைகளும் அதற்கென்று தயாரித்த தீவனமும்தான். நாங்கள் கொடுப்பது கொறிக்கிற அளவு. ஒரு நாளைக்கு எவ்வளவு இலை என்று முடிவு செய்வது கீப்பர்கள். கூடை காலியானால் காலிதான்.

சரி, இந்த வேலையில் உண்மையில் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன என்றால், எது வரும், எது வராது, எதைக் கூப்பிடவே கூடாது என்று தூரத்திலிருந்தே தெரிந்துகொள்வது. காதை முன்னால் திருப்பி, கழுத்தைச் சாய்த்து, நிதானமாக நடந்து வந்தால் அது தானாக விரும்பி வருகிறது. தலையை முழு உயரத்துக்குத் தூக்கி நம்மையே வெறித்துப் பார்த்தால் இன்னும் நம்பவில்லை. லாரியை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். குட்டியோடு நிற்கும் தாயின் பக்கம் போகவே கூடாது. சிங்கத்தையே கொன்றுவிடக்கூடிய உதை அது.

அசை போட்டுக்கொண்டிருப்பதையும் கூப்பிடக்கூடாது. இதை விருந்தினர்களுக்குக் காட்டுவதில் எனக்குத் தனி ஆசை. அசை போடும் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தை உற்றுப் பாருங்கள் என்பேன். வாய் சிறிது நேரம் மெல்லும், நிற்கும். ஓர் உருண்டை தொண்டையிலிருந்து கீழே இறங்குவது தோலுக்கு மேலேயே தெரியும். கொஞ்ச நேரத்தில் இன்னோர் உருண்டை லிஃப்ட் மாதிரி அடியிலிருந்து மேலே ஏறி வாய்க்கு வரும், மறுபடி மெல்லும். அவ்வளவு நீளமான கழுத்திலும் நம்மைப் போலவே ஏழு எலும்புகள்தான் என்று அப்போது சொன்னால் யாரும் மறக்க மாட்டார்கள். இலையை நீட்டி அந்த மெல்லலைக் கலைப்பதைவிட, அதை முழுதாகப் பார்த்துவிட்டுப் போவது எவ்வளவோ மேல் என்று இன்றும் நினைக்கிறேன்.

சில நாள் ஒன்றுகூட வராது. காற்று பலமாக அடிக்கும், அல்லது மரநிழலை விட்டு வர மனமிருக்காது. ஒருமுறை ஒருவர், "பணம் கட்டித்தானே வந்திருக்கோம், லாரியை இன்னும் கிட்ட கொண்டுபோங்க சார்" என்று வற்புறுத்தினார். மகள் இலையைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். அவர் ஏமாற்றம் எனக்குப் புரிந்தது. ஆனால் ஒதுங்கி நிற்கும் விலங்கை லாரியால் துரத்தினால், அடுத்த நாள் லாரிச் சத்தம் கேட்டதுமே அது விலகிப் போகும். அவை இத்தனை நாளும் தாமாக வந்ததே, வேண்டாமென்றால் போய்விடலாம் என்று இருந்ததால்தான். அதை அவரிடம் சொன்னேன். முழுக்கச் சமாதானம் ஆனாரா என்று சொல்ல முடியாது. மகள் இலையைக் கூடையில் திருப்பிப் போட்டுவிட்டு, அது எங்கே போகிறது, என்ன செய்கிறது என்று கேட்க ஆரம்பித்தாள்.

இன்னொரு விஷயமும் உண்டு. காட்டில் அவை விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை இலை தேடி மேய்வதிலேயே கழிக்கின்றன. பூங்காவில் தீவனத் தொட்டி சீக்கிரம் காலியாகிவிடுகிறது, நாக்குக்கு வேலை இல்லை. அதனால் வேலிக் கம்பியையும் சுவரையும் திரும்பத் திரும்ப நக்கத் தொடங்குகின்றன. அமெரிக்கக் காட்சியகங்களைப் பற்றி 2001-இல் வந்த ஓர் ஆய்வு, ஒட்டகச்சிவிங்கிகளிலும் அவற்றின் நெருங்கிய உறவான ஒகாபிகளிலும் ஏறக்குறைய 80 சதவீதம் இப்படி ஏதாவது ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்வதாகச் சொன்னது. விருந்தினர் நீட்டும் லெட்டூஸ் இதைத் தீர்க்காது, ஒரு நொடியில் போய்விடும். உயரத்தில் கட்டிய முழுக்கிளைகளும், நாக்கை நுழைத்துத் துழாவி எடுக்கும்படியான தீவனக் கூடைகளும்தான் உதவும். லாரிப் பயணத்தில் வரும் பணத்தில் கிளைகளுக்கு எவ்வளவு போகிறது என்பதைத்தான் இப்படிப்பட்ட இடங்களைப் பார்த்து முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

காட்டு நிலவரத்தை நான் எப்போதும் கடைசியில்தான் சொல்வேன். 1985 முதல் 2015 வரை எண்ணிக்கை 36 முதல் 40 சதவீதம் வரை குறைந்தது. 2016-இல், உயிரினங்களின் நிலையை மதிப்பிடும் சர்வதேச அமைப்பான ஐயூசிஎன் ஒட்டகச்சிவிங்கியை அழியும் ஆபத்துள்ள விலங்குகளின் பட்டியலில் சேர்த்தது. மேய்ச்சல் நிலம் விவசாயத்துக்குப் போனது, வேட்டை, உள்நாட்டுச் சண்டை என்று காரணங்கள் பல. இதைக் கிளம்பும்போதே சொன்னால் கேமராவைச் சரிசெய்துகொண்டே கேட்பார்கள். கையில் எச்சில் காய்வதற்குள் சொன்னால் வண்டியே அமைதியாகிவிடும். அப்புறம் இறங்கியதும் எல்லோரையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வைப்போம். விலங்கிலிருந்து மனிதருக்குக் கிருமி வரும், குழந்தைகள் உடனே கையை வாயில் வைத்துக்கொள்வார்கள்.

வேலையை விடும் முன் மேலாளரிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். புதிதாகச் சேரும் வழிகாட்டிகளுக்கு எடுத்ததும் மைக்கைக் கொடுக்காதீர்கள். கொஞ்ச நாள் கையில் இலையில்லாமல் கீப்பரோடு கொட்டகையில் நிற்கட்டும், எது கூட்டத்தில் முந்தி வரும், எது பின்னால் நிற்கும், எதற்கு வலது பக்கம் ஆள் நின்றால் பிடிக்காது என்று பார்க்கட்டும். அதைப் பார்க்காதவர், லாரி எங்கே நிற்க வேண்டும் என்று டிரைவரிடம் சொல்ல முடியாது.