நான்காம் வேற்றுமை திறந்த கதவு

கனடாவுக்கு வந்த புதிதில், ஆங்கில வகுப்பொன்றில் நான் உரத்து வாசித்தபோது எழுந்த சிரிப்பு, அதன்பின் இருபது ஆண்டுகளாக அந்நிய மொழி எதிலும் என்னை வாய் திறக்க விடவில்லை. ரொறன்ரோவில் நான் வேலை செய்த முதியோர் இல்லத்தின் சமையற்கூடத்தில் உடனிருந்தோர் பெரும்பாலும் எக்குவடோர், கொலம்பியா நாட்டுப் பெண்கள். அவர்களுடைய பேச்சில் கலந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையே 52 வயதில் என்னை மாலைநேர ஸ்பானிய வகுப்பொன்றில் சேர்த்தது.

முதல் ஆறு மாதங்கள் பெரிதும் வீணாயின. ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் அமைத்தே ஸ்பானியத்துக்கு மாற்றினேன். என்னைக் கூசவைத்த மொழியின் வழியாகவே புதிய மொழிக்குள் நுழையப் பார்த்தேன். கோப்பி பிடிக்கும் என்பதற்கு 'மே குஸ்தா எல் கஃபே' என்பார்கள். விரும்புகிறவர் எழுவாயாக நில்லாமல் 'மே' என்று ஏன் ஒதுங்கி நிற்கிறார் என ஆங்கிலம் பேசும் சக மாணவர்கள் குழம்பினர், நானும் குழம்பினேன். ஓரிரவு பேருந்தில் வீடு திரும்பும்போதுதான், நான் படித்த கல்லூரியின் ஒன்பதாம் வகுப்பில் தமிழாசிரியர் கரும்பலகையில் எழுதிய, நான்காம் வேற்றுமைக்குரிய 'கு' உருபு நினைவுக்கு வந்தது. 'மே' என்பது 'எனக்கு'. 'மே துவேலே லா கபேஸா' என்பது 'எனக்குத் தலை வலிக்கிறது'. அன்று இரவு நான் வெகுநேரம் உறங்கவில்லை.

அதன்பின் தமிழிலிருந்தே நேராகச் சென்றேன். 'ஆப்லோ' என்ற வினைக்குள் 'நான்' அடங்கியிருப்பது, 'பேசுகிறேன்' என்பதில் நாம் அறிந்ததே. 'தூ', 'உஸ்தேத்' என்பவை நமது நீயும் நீங்களும். 'பெரோ' என்றால் 'ஆனால்'. நாவை அதிரவிட்டுப் 'பெர்ரோ' என்றால் நாய். செய்யுள் ஒப்புவிக்கையில் ரகர றகரம் பிசகினால் மீண்டும் சொல்லவைத்த அதே ஆசிரியரின் கண்டிப்பே இங்கே எனக்கு உதவியது.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு. நமக்குப் பகரம் ஒன்றே; அவர்களுக்கோ அதை வன்மையாக ஒலித்தால் 'பேசோ' எடை, மென்மையாக ஒலித்தால் முத்தம். அஃறிணைக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. ஓகாரத்தில் முடியும் 'மானோ', அதாவது கை, பெண்பாலாகவும், ஆகாரத்தில் முடியும் 'புரொப்ளேமா' ஆண்பாலாகவும் இருப்பதை மனனம் செய்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

2018இல், ஸ்பானிய மொழியைப் பரப்பும் செர்வாந்தேஸ் நிறுவகத்தின் டெலே என்னும் ஸ்பானிய மொழித் தேர்வில், தொடக்கநிலையின் இரண்டாம் படியான ஏ2 நிலைக்குத் தோற்றினேன். வாய்மொழித் தேர்வறையில் இரு தேர்வாளர்கள் இருந்தனர். நா வறண்டது, பழைய சிரிப்பொலி காதில் கேட்டது. என்னைப் பற்றிச் சொல்லும்படி கேட்டபோது, 'மே குஸ்தா கொசினார்' என்று தொடங்கினேன்: எனக்குச் சமைக்கப் பிடிக்கும்.