பல் எண்ணிக்கை சரி, ஆனால் கியர் சேரவில்லை

என் காரின் கியர்பாக்ஸுக்காக மூன்று வாரம் காத்திருந்து கவுன்டர் கியர் (இன்புட் ஷாஃப்டிலிருந்து சுழற்சியை வாங்கி மற்ற கியர்களுக்குக் கடத்தும் பல்சக்கரத் தொகுதி) கைக்கு வந்தது. பார்சலைப் பிரித்த கையோடு, இன்புட் ஷாஃப்டோடு சேரும் பெரிய சக்கரத்தின் பல்லை எண்ணினேன்: 27. பழையதிலும் 27. அப்புறம் என்ன, 112 நீடில் ரோலர்களையும் (ஊசி போன்ற பேரிங் உருளைகள்) கிரீஸில் ஒட்டவைத்து, அவை உதிராமல் தாங்க டம்மி ஷாஃப்ட் நுழைத்து, கேஸுக்குள் இறக்கி, கவுன்டர் கியர் சுழலும் அச்சான பின்னையும் தட்டி ஏற்றிவிட்டேன். என்ஜினின் சுழற்சியைக் கொண்டுவரும் இன்புட் ஷாஃப்டை விட்டுப் பார்த்தால் பல்லோடு பல் சேரவே மாட்டேன் என்கிறது.

வண்டி 1969 செவர்லே செவெல், கியர்பாக்ஸ் மன்சி நாலு கியர்; அதில் எம்20, எம்21, எம்22 என்று வகைகள் உண்டு. கேஸின் வார்ப்பு எண் 3925660. முத்திரையின் கடைசி எழுத்து 'பி', அதாவது எம்21. கேஸை மட்டும் நம்பக் கூடாது. இத்தனை வருடத்தில் யார் யார் திறந்து எதை எதை மாற்றினார்களோ. அதனால் இன்புட் ஷாஃப்டையும் பார்த்திருந்தேன்: 10 ஸ்ப்ளைன் (கிளட்ச் தட்டு கோக்கும் வரிப்பள்ளங்கள்), 26 பல், அடையாளத்துக்கு ஒற்றைப் பள்ளக்கோடு. எம்20 ஆக இருந்தால் 21 பல், இரண்டு கோடு. கணக்கும் ஒத்துப்போனது. 27/26ஐ 36/17ஆல் (முதல் கியரின் பல், அதை ஓட்டும் கவுன்டர் கியரின் பல்) பெருக்கினால் முதல் கியர் விகிதம் 2.20. எம்20இல் அது 25/21, எனவே 2.52.

நான் கோட்டை விட்டது வேறு இடத்தில். எம்22க்கும் அதே 26, அதே 27, அதே 2.20தான். பல்லின் சாய்வுதான் வேறு. எம்21இல் சுமார் 34 டிகிரி, எம்22இல் 20ஐ ஒட்டி. சாய்வு குறைந்தால் ஷாஃப்டை முன்பின்னாகத் தள்ளும் விசை குறையும், சத்தம் கூடும். 'ராக் க்ரஷர்' என்ற பட்டப்பெயர் அந்தச் சத்தத்துக்குக் கிடைத்ததுதான். விற்றவர் "மன்சி, 27 பல், 1 அங்குல பின்" என்று எழுதியிருந்தார். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை! படத்தில் கியர் கோணலாகக் கிடந்ததில் சாய்வு பிடிபடவில்லை, நானும் கேட்கவில்லை.

சரி, சந்தேகத்தை அளந்தே தீர்ப்போம் என்று உட்கார்ந்தேன். பல்லில் நீல மை தடவிக் காகிதத்தில் உருட்டினேன். பெரிய சக்கரம் ஒரு முனையில் இருப்பதால் மறுமுனை தாழ்ந்து, கியர் வட்டமடித்து, எல்லாம் அப்பிக்கொண்டது. மேசை விளிம்பில் வைத்து, மறுமுனையைக் கையில் தாங்கி உருட்டியும் கோடு நேராக வரவில்லை. கடைசியில் உருட்டுவதையே விட்டுவிட்டு, பல்லின் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, அதன் ஓரம் சக்கரத்தின் முகத்தோடு ஒட்டியிருக்கும்படி சுற்றி, விரலால் அழுத்தித் தேய்த்தேன். பிரித்து வைத்தால் கத்தியால் கீறியது போல வரிசையாகக் கோடுகள். பட்டையின் ஓரத்துக்குச் செங்குத்துக் கோடு போட்டுக் கோணமானியை வைத்தேன். பழையது 36, புதியது 21க்குக் கொஞ்சம் மேல். பல் முனையில் அளந்தால் உண்மைக் கோணத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடத்தான் காட்டும். இரண்டுக்கும் ஒரே முறை என்பதால் ஒப்பிட அது போதும். இந்த வேலையைப் பிரித்த அன்றே செய்திருந்தால் அவ்வளவு கிரீஸ் மிச்சம்.

பழைய கவுன்டர் கியரையே போடலாமா என்றால், முதல் கியரை ஓட்டும் 17 பல்லில் இரண்டின் முனை உடைந்திருக்கிறது. எம்22 பக்கம் போவதென்றால் இன்புட் மட்டும் வாங்கினால் தீராது, மெயின் ஷாஃப்டில் உள்ள கியர்களும் அதே சாய்வில் வேண்டும். ஆசை இருக்கிறது, தைரியம் இல்லை. எம்21 கவுன்டர் கியர் வைத்திருப்பதாக இன்னொருவர் சொல்கிறார். காகிதப் பட்டை முறையை எழுதி அனுப்பி, தேய்த்த பட்டையைப் படமெடுத்துக் கேட்டிருக்கிறேன். அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

பதில் வரும் வரை ஸ்பீடோமீட்டர் கியரைப் பார்க்கலாம் என்று டெயில் ஹவுசிங்கைக் கழுவ எடுத்து வைத்தேன். அதற்கு முன் ரோலர்களைத் துடைத்து டப்பாவில் எண்ணிப் போட்டதில் 111தான் இருக்கிறது. காந்தத்தோடு தரையில் தவழ்ந்துகொண்டிருக்கிறேன்.