பத்மினி இன்ஜினைப் பிரித்துச் சேர்த்த மழைக்காலம்

ஐப்பசி மழை பிடித்ததும் என் பிரீமியர் பத்மினி காரை ஷெட்டுக்குள் தள்ளி நிறுத்திவிட்டேன். 1978 மாடல். பொங்கலுக்கு அப்புறம் பழைய கார்க்காரர்களின் பயணங்கள் தொடங்கிவிடும். அதனால் இன்ஜின் வேலைக்குக் கிடைப்பது இந்த இரண்டரை மாதம்தான். போன வருடமே நீலப் புகை தள்ளியது, ஆயிலும் குடித்தது.

பிரிப்பதற்கு முன் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தும் அழுத்தம், பார்த்தேன். நான்கு சிலிண்டர்களில் மூன்றில் 120 பிஎஸ்ஐயை ஒட்டி வந்தது, மூன்றாவதில் மட்டும் 85. பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி சுற்றினால் 110. ஆயில் விட்டு ஏறுகிறது என்றால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும், அது உரசி ஓடும் சிலிண்டர் துளையான போரும் தேய்ந்திருக்கின்றன. ஏறாமல் நின்றிருந்தால் வால்வைச் சந்தேகப்பட்டிருப்பேன்.

செயின் பிளாக் போட்டு இன்ஜினை இறக்கினோம். ஃபியட் 1100-இன் அதே 1089 சிசி இன்ஜின்தான். வார்ப்பிரும்பு பிளாக், அதன் மேல் மூடியாக அலுமினிய ஹெட், பிஸ்டன்கள் சுற்றிவிடும் கிராங்க் தண்டைத் தாங்க மூன்றே மெயின் பேரிங். மூன்றாவது போரின் மேல் விளிம்புக்குக் கீழே விரலை விட்டால் நகம் ஒரு படியில் இடறியது. ரிங் ஏறி இறங்கித் தின்ற படி அது. போர் கேஜில் மேலே 68.21, அடியில் 68.05 மி.மீ. புதிதில் எல்லா இடத்திலும் 68 இருந்திருக்க வேண்டும். போரை 0.40 மி.மீ. பெரிதாக்கி அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதென்று முடிவு செய்தேன்.

கோவையில் நான் போகும் லேத் பட்டறைக்குச் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே பந்தயப் பாதையில் ஓடும் வண்டிகளின் வேலையும் வருகிறது. பிளாக்கை இறக்கியதுமே மாஸ்டர் சொன்னார்: “மொதல்ல பிஸ்டனைக் கொண்டாங்க தம்பி. அதை அளந்துட்டுத்தான் போர் அடிக்கோணும்.” பெட்டியில் அச்சடித்த அளவை நம்பி அவர் கட்டரைத் தொட மாட்டார். நான்கு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் அளந்து, எது எந்தச் சிலிண்டருக்கு என்று எண் போட்ட பிறகே வேலையைத் தொடங்கினார். 68.4 ஆனதும் இன்ஜின் 1102 சிசி ஆகிவிட்டது. சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் ஃபியட் ஓடியதைப் பார்த்த என் பெரியப்பாவுக்கு இதைச் சொன்னபோது அப்படி ஒரு சந்தோஷம்.

ஹெட் நடுவில் 0.12 மி.மீ. வளைந்திருந்தது. சூட்டில் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிற உலோகம் அலுமினியம். எப்போதோ ரேடியேட்டர் காய்ந்தபோது வளைந்திருக்கும். அடியைச் சமமாகச் சீவி ஃபேசிங் செய்தாயிற்று. வால்வுகளை நானே பேஸ்ட் தடவித் தேய்த்து உட்கார வைத்தேன். கிராங்க் 0.25 மி.மீ. கிரைண்டிங் போய் வந்தது.

தவறு நடந்தது இதற்குப் பிறகுதான். போரிங்கும், போர்ச் சுவரில் மெல்லிய குறுக்குக் கோடுகள் போடும் ஹோனிங்கும் முடிந்து வந்த பிளாக்கை மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்து, கிராங்க்கை ஏற்றி மெயின் பேரிங் போல்ட்டுகளை டார்க் ரென்ச்சில் முறுக்கினேன். கையால் சுற்றினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். போகவில்லை. ஒரு இடத்தில் மணலில் கால் வைத்த மாதிரி நெறுநெறுத்தது. கழற்றிப் பார்த்தால், புதுப் பேரிங்கின் மேல் தலைமுடி கனத்தில் மூன்று கோடுகள். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

“எதுல கழுவுனீங்க?” என்றார் மாஸ்டர். சொன்னேன். “மண்ணெண்ணெய் எண்ணெயத்தானுங்க எடுக்கும். ஹோனிங் தூள் கோட்டுக்குள்ளயே ஒக்காந்திருக்கும். சுடுதண்ணி, சோப்பு, பிரஷ். வேற வழியில்லீங்க.”

திரும்பவும் எல்லாவற்றையும் கழற்றினேன். பாத்திரம் கழுவும் சோப்பை வெந்நீரில் கரைத்து, ஒவ்வொரு போரையும் நைலான் பிரஷ்ஷால் தேய்த்தேன். ஆயில் ஓடும் துளைகளுக்கு நீளப் பிரஷ் விட்டேன். பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து, ஆயிலில் நனைத்துப் போரைத் துடைத்தால் சாம்பல் நிறம் வந்தது. மண்ணெண்ணெயில் கழுவியபோது கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த அதே சுவர்! மறுபடி தேய்ப்பு, மறுபடி துணி. ஆறாவது முறைதான் துணி வெள்ளையாகவே வந்தது. இதில் அவசரமும் உண்டு: ஈரம் நின்றால் நிமிடங்களில் இரும்பு செம்பழுப்பாகிவிடும். அதனால் தண்ணீர் ஊற்றிய கையோடு காற்றடித்து, ஆயில் பூசிவிட வேண்டும். வேறு செட் பேரிங் வாங்கிப் போட்டேன். இந்தத் தடவை கிராங்க் ஒரு விரலுக்குச் சுற்றியது.

ரிங்குகளை ஒவ்வொன்றாக அதனதன் போருக்குள் வைத்து, அதன் இரண்டு முனைகளுக்கு நடுவே இடைவெளி பார்த்தேன். ஒன்றில் 0.15 மி.மீ.தான் இருந்தது. சூட்டில் இரண்டு முனையும் முட்டினால் ரிங் உடைந்து போரைக் கீறிவிடும். அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக உரசி 0.30-க்குக் கொண்டுவந்தேன். பாதி நாள் இதற்கே போயிற்று, ஆனால் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பாதி நாளும் அதுதான்.

மார்கழி கடைசியில் ஸ்டார்ட் செய்தோம். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் ஏறும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றி, அப்புறம் பிளக்கை மாட்டிச் சாவி திருப்பினேன். இரண்டாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. இன்ஜின் ஆறியதும் ஹெட் நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கினேன்.

இப்போது 340 கி.மீ. ஓடியிருக்கிறது. நான்கு சிலிண்டரும் 138-க்கும் 142-க்கும் இடையில் நிற்கின்றன, புகை இல்லை. ஒரே வேகத்தில் ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டுகிறேன். 500-இல் ஆயிலை மாற்றி, வடிகிற பழைய ஆயிலை அதே வேட்டித் துணியில் வடிகட்டிப் பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தால், மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறுவதாக இருக்கிறேன்.